எரிந்த ஊரில் மத்தியானச் சோறு

ரெனிஷ் ஜப்பானிலிருந்து ஒரே ஒரு விமான டிக்கெட் அனுப்பியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. படுபாவி, இரண்டு அனுப்பிவிட்டான். ஒன்று அம்மா நேசம்மாளுக்கு. இன்னொன்று சித்தி லீலாபாய்க்கு.

டிக்கெட் வந்த அன்று ஊரில், கொட்டாரம் வீட்டில், நேசம்மாள் செல்போனில் அந்த இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் கணவர் ராஜையன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நல்லதாப் போச்சு. எனக்கு மூட்டுவலி, நான் எங்க வர? நீ ஒத்தைக்குப் போவாண்டாம் பாரு" என்றார். நேசம்மாள் அவரை ஒரு முறை முறைத்தாள். குவைத்துக்கு முதன்முதலாக விமானம் ஏறினபோது துணைக்கு யார் வந்தார்கள்? அன்றைக்கு ஒத்தையாகப் போகத் தெரிந்தவளுக்கு, மகனைப் பார்க்கப் போக மட்டும் துணை வேண்டுமாக்கும்.

லீலாபாய் வேறு யாரும் இல்லை. ராஜையனுடைய தம்பி ஜெபமணியின் மனைவி. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. நேசம்மாள் நர்ஸ் வேலைக்குக் குவைத் போனபோது ரெனிஷ் சரியாகப் பேச்சு திருந்தாத பிள்ளை. லீலாபாய்க்குக் குழந்தை இல்லை. பிள்ளையை அவள் இடுப்பில் கொடுத்துவிட்டுத்தான் நேசம்மாள் திருவனந்தபுரத்துக்குக் கார் ஏறினாள். அப்புறம் லீவு கிடைக்கிறபோது வந்து போனாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் பையன் லீலாபாயின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வந்திருப்பது யார் என்று எட்டிப் பார்ப்பான். மெள்ள மெள்ள ஒட்டுவான். ஒட்டிக்கொண்ட கையோடு லீவு முடிந்துவிடும். அவள் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தபோது அவன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஜப்பான். அவனுக்கு நேசம்மாள் ஆக்கிப் போட்ட சோற்றைவிட விமானத்தில் அவள் சாப்பிட்ட சோறு அதிகமாக இருக்கும்.

ஆகவே இந்தப் பயணத்தில் அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். கொஞ்ச நாள், மகனும் தானும் மட்டுமாக ஒரு வீட்டில் இருக்க வேண்டும். அவனுக்கு எது பிடிக்கும், எதற்கு மூஞ்சியைச் சுளிப்பான் என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். பிந்தியாவது அவனுக்கு ஒரு அம்மாவாக இருந்துவிட வேண்டும். அதற்குள்தான் லீலாபாய் சூட்கேஸோடு நுழைந்துவிட்டாள்.

ஃபுக்குய் நகரத்தில் ரெனிஷின் வீடு ஒரு அறையும் ஒரு அடுக்களையும். வந்து இறங்கிய அன்றே நேசம்மாள் அடுக்களையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபத்தையும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். ஜெபிக்காமல் ஒரு பருக்கை உள்ளே போகாது. சாயாவோடு கடிக்கிற முறுக்குக்கும் ஜெபம் உண்டு. கொட்டாரத்தில் அது ராஜையனின் வேலை. இங்கே தட்டு வந்ததும், வேறு யாரும் வாய் திறப்பதற்கு முன் நேசம்மாள் கண்ணை மூடி "அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கிவிடுவாள். இடையில் லீலாபாய் புகுந்துவிடக் கூடாதே. கர்த்தருக்கு இந்த விஷயம் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குளிர் தொடங்கியிருந்தது. ரெனிஷ் இரண்டு பேருக்கும் ஷூ வாங்கி வைத்திருந்தான். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. லீலாபாயின் கால் அதற்குள் கேட்காமலே போய் உட்கார்ந்தது. நேசம்மாளின் பெருவிரல் மடங்கிக்கொண்டுதான் உள்ளே போயிற்று.

"சரியா இருக்காம்மா?" என்று ரெனிஷ் கேட்டான்.

"கொள்ளாம் மக்கா. நல்லா இருக்கு."

வேறு என்ன சொல்வாள்? சித்தியின் கால் அளவு அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அம்மாவுடையது தெரியவில்லை என்பதை லீலாபாயின் முன்னால் ஒப்புக்கொள்வதைவிட விரல் ஒடிந்து போனாலும் குற்றமில்லை.

சனிக்கிழமை ரெனிஷ் ஒரு வாடகைக் கார் எடுத்து வந்தான். இச்சிஜோதானி என்ற இடத்துக்குப் போகிறோம் என்றான். நேசம்மாள் முன் கதவைத் திறக்கப் போனாள். அதற்குள் அவன், "அம்மா, நீங்க பின்னால வசதியா இருங்க. சித்தி, நீ முன்னால வா. ஒனக்குப் பின்னால இருந்தா ஒக்கரிச்சு வாந்தி வரும்லா" என்றான்.

நேசம்மாள் பின்னால் போய் சாப்பாட்டுப் பைகளோடு உட்கார்ந்தாள். அவனுக்கு அவள் எப்போதும் 'நீங்க'. லீலாபாய் எப்போதும் 'நீ'. மரியாதை தெரிந்த பிள்ளை என்று சபையில் எல்லாரும் மெச்சுவார்கள். அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடலாம் என்று நேசம்மாளுக்குத் தோன்றும். கார் போகிற வழியெல்லாம் லீலாபாயின் தலை கண்ணாடிக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தது. இவளுக்கு வழியும் தெரியவில்லை, மகனின் முகமும் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒரு சின்ன ஆறு, அறுத்துப் போட்ட வயல். ஊரில் தாழக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகிறபோது தெரிகிற மாதிரிதான் இருந்தது. காரை நிறுத்திவிட்டு ரெனிஷ் விளக்கினான். இங்கே ஒரு பிரபு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆண்டிருக்கிறது. மலைமேல் கோட்டை, கீழே ஊர். படைவீரர்கள், வியாபாரிகள், வைத்தியர், சாயம் போடுகிறவர் எல்லாரும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தார்கள். நானூற்றைம்பது வருஷத்துக்கு முன் சண்டையில் தோற்றுப் போனதும் எதிரிப் படை ஊரையே கொளுத்திவிட்டது. அதற்குமேல் மண் மூடி வயலாகிவிட்டது. அப்பா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில்தான் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அடியில் ஊர் அப்படியே கிடந்திருக்கிறது.

"வயலுக்கு அடியிலயா?" என்றாள் லீலாபாய். "அப்போ நம்ம வயலுக்கு அடியிலயும் என்னமும் கெடக்குமோ?"

"கெடக்கும் சித்தி. எனக்க கிரிக்கெட் பந்து கெடக்கும்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எந்தப் பந்து, எப்போது தொலைந்தது, அதைத் தேடி யார் சேற்றில் இறங்கினார்கள் என்று நேசம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. அவளும் சிரித்து வைத்தாள். சிரிப்பு முடியும்போது அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் நீண்டு தனியாகக் கேட்டது.

வீடுகள் நின்ற இடத்தில் அஸ்திவாரக் கற்கள் மட்டும் வரிசையாக இருந்தன. கற்களுக்கு நடுவே புல்லை ஒட்ட வெட்டி, தரையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அங்கங்கே ஒரு பலகை. இது அடுக்களை, இது கிணறு, இது தோட்டம் என்று ரெனிஷ் வாசித்துச் சொல்லிக்கொண்டே போனான். லீலாபாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு செவருகூட இல்ல, இதுல எது அடுக்களைன்னு எப்பிடிலே கண்டுபிடிச்சானுவ?" என்று வாயாடிக்கொண்டு நடந்தாள்.

நேசம்மாள் ஒரு பலகைக்கு முன்னால் நின்றாள். இங்கே ஒரு வீடு இருந்தது என்று எழுதியிருக்கிறதாம். பார்த்தால் வீடு இல்லை. கொட்டாரம் வீட்டின் முன்னறையில் தன் போட்டோவும் இப்படித்தானே தொங்கியது என்று அவளுக்கு நினைவு வந்தது. நர்ஸ் தொப்பியோடு எடுத்த போட்டோ. வந்தவர்களிடம் லீலாபாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதுதான் இவனுக்க அம்மா" என்று காட்டுவாளாம். போட்டோ என்ற பலகை சுவரில், பிள்ளையின் வீடோ லீலாபாயின் இடுப்பில். அவளுக்கு வயிறு எரிந்தது. கால் விரலும் எரிந்தது. எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிணற்றடியில் ரெனிஷ் குனிந்து பார்த்து, "சித்தி, செருப்பு ஞாபகம் இருக்கா?" என்றான். லீலாபாய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "சும்மா கெடலே. புதுச் செருப்பு. ரெண்டையும் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு, நிக்கான் பாரு ஒண்ணும் தெரியாத மாதிரி." அந்தச் செருப்பு குவைத்திலிருந்து நேசம்மாள் லீலாபாய்க்கு வாங்கி வந்தது. பெட்டி கட்டும்போது எல்லாருக்கும் பார்த்துப் பார்த்து வாங்கினவள் அவள். அதைக் கிணற்றில் போட்ட வேடிக்கை மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய சம்பளத்தில் அந்த வீட்டில் எத்தனையோ நடந்தது. நடந்ததை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் இன்னொருத்தி.

ஆற்றுக்கு மறுபக்கம் ஒரு தெருவை மட்டும் பழைய மாதிரியே திரும்பக் கட்டி வைத்திருந்தார்கள். மண் சுவர், மரக் கதவு, பலகைக் கூரை, கூரை பறக்காமல் இருக்க மேலே உருண்டைக் கற்கள். ஒரு வீட்டுக்குள் போக வேண்டுமானால் ஷூவைக் கழற்ற வேண்டும். லீலாபாய் கழற்றி வைத்துவிட்டு ஒரே தாவலில் உள்ளே ஏறினாள்.

"வாங்கம்மா" என்றான் ரெனிஷ்.

நேசம்மாள் காலைப் பார்த்தாள். கழற்றினால் திரும்பப் போட முடியாது. தவிர, விரல் சிவந்து தோல் உரிந்திருப்பது லீலாபாயின் கண்ணில் பட்டால், "ஐயோ அக்கா, ஒனக்கு சேரலியா? எனக்கு நல்லா சேந்திருக்கே" என்பாள். வாய் நல்ல வாய்தான், ஆனால் அந்த வார்த்தையைக் கேட்க முடியாது.

"நீங்க பாத்துட்டு வாங்க மக்கா. நான் இஞ்ச நிக்கேன். காத்து நல்லா இருக்கு."

காற்று ஊசியாகக் குத்தியது. அவள் தெருவில் தனியே நின்றாள். மரச் சட்டங்களுக்கு அப்பால் இரண்டு பேரின் குரலும் கேட்டது. உள்ளே சதுரங்கம் ஆடுகிற மாதிரி பொம்மைகள் வைத்திருக்கிறார்கள் போல. "இது ஒனக்க சித்தப்பா மாதிரியே இல்லியா?" என்று லீலாபாய் கேட்டதும், ரெனிஷ் மூச்சு முட்டச் சிரித்ததும் கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை அவன் நேசம்மாளிடம் சிரித்ததே இல்லை. அவளிடம் அவன் புன்னகைப்பான். நன்றாகப் படித்த, அடக்கமான புன்னகை.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு லீலாபாயைக் கழுத்தைப் பிடித்து ஆற்றில் தள்ளலாம் போல இருந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே இருந்தது. ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்பதால் அந்த எண்ணத்தால் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை.

சாப்பிட இடம் பார்த்து, கற்களுக்கு ஓரமாக ஒரு மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நேசம்மாள் கருக்கலில் எழுந்து எலுமிச்சம்பழச் சோறும் கோழி வறுவலும் செய்திருந்தாள். அடுக்களைக்குள் நுழைய முடியாத லீலாபாய், எப்படியோ நேசம்மாள் குளிக்கப் போன இடைவெளியில் தேங்காயும் மிளகாய் வத்தலும் மிக்சியில் அடித்து ஒரு சின்ன டப்பாவில் துவையலாக அடைத்துக் கொண்டு வந்திருந்தாள். டப்பாவைத் திறந்ததுமே ரெனிஷின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. கோழி மூடியைத் திறந்தபடி வைத்துக்கொண்டு நேசம்மாள் அதைப் பார்த்தாள்.

தட்டுகள் கைக்கு வந்தன. ஜெபிக்க வேண்டும். இரண்டு பேரும் நேசம்மாளைப் பார்த்தார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. இந்த வயிற்றெரிச்சலோடு பிதாவே என்று கூப்பிட அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"நீயே ஜெபி ரெனிஷ்" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

ரெனிஷ் கண்ணை மூடினான். அவன் ஜெபித்து அவள் கேட்டதே இல்லை. லீவில் வந்தபோதெல்லாம் ராஜையன்தான் ஜெபிப்பார். அவன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னான்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை ஆசீர்வதியும். இல்லாதவர்களுக்கும் தாரும். கடலுக்கு அக்கரையில் இருக்கிற எங்க அம்மாவைப் பத்திரமாய்க் காத்து, சீக்கிரமாய் வீட்டுக்குக் கொண்டு வாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே."

"ஆமென்" என்றாள் லீலாபாய், பட்டென்று.

நேசம்மாள் கண்ணைத் திறந்தாள். ரெனிஷும் திறந்தான். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது.

"சாரிம்மா. சின்ன வயசுலேருந்து அப்பிடியே வாயில வந்துடும். தனியா சாப்பிடும்போதும் அப்பிடித்தான். நான் யோசிச்சதே இல்ல."

"ஏலே, நான் இஞ்ச ஒனக்க முன்னாலதானே இருக்கேன்" என்றாள் நேசம்மாள்.

அவளுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? வெற்றி. முழு வெற்றி. அவள் கழுத்தைத் திருப்பி லீலாபாயைப் பார்த்தாள். கேட்டியா? உன் இடுப்பில் இருந்துகொண்டு யாரைக் கேட்டிருக்கிறான் என்று கேட்டியா? லீலாபாயோ ஒன்றும் நடக்காதது போல அவன் தட்டில் துவையலை உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதிதில்லை. இதுதான் நேசம்மாளின் வெற்றியில் முதல் ஓட்டை.

ரெனிஷ் அவசர அவசரமாகச் சாப்பிட்டான். துவையலும் தின்றான், கோழியும் தின்றான், இரண்டையும் நல்லா இருக்கு என்றான். பிறகு, மெஷினில் சூடாகச் சாயா கிடைக்கும், வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

நேசம்மாள் அவன் மறைகிற வரை பொறுத்தாள்.

"லீலா, அது நீ சொல்லிக் குடுத்த ஜெபமா?"

"நான் எதுக்கு சொல்லிக் குடுக்கேன்?" என்றாள் லீலாபாய். "யூ.கே.ஜி. படிக்கும்போ அவனா சேத்துக்கிட்டது."

"ஒனக்க வாயில உடனே ஆமென் வருதே, அதான் கேட்டேன்."

லீலாபாய் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திறந்து மூடினாள்.

"அக்கா, நான் சொன்னா நீ கோவப்படுவ. சந்தைக்குப் போயி, சாளைமீனு வாங்கி, முள்ளெடுத்து, சோத்தப் பெசஞ்சு அவனுக்க முன்னால வைப்பேன். அவன் கண்ண மூடிக்கிட்டு ஒனக்காக ஜெபிப்பான். காலத்த, மத்தியானம், ராத்திரி. எனக்க பேரு ஒரு நாளு அதுல வந்ததில்ல. எனக்கு எரியாதா? நல்லா எரியும். ஒரு நாளு நான் ஆமென் சொல்லல. வாய மூடிட்டு இருந்தேன். அவன் கண்ணத் தொறந்து என்னப் பாத்தான். 'சித்தி, ஆமென் சொல்லு. இல்லேன்னா அம்மா வரமாட்டா'ன்னு ஒரே கரச்சிலும் கண்ணீரும். சோறு தின்னல. பொறவு சொன்னேன். அன்னையிலேருந்து இன்னைக்கு வர சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

நேசம்மாள் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

லீலாபாய்க்குத் தன்மேல் பொறாமையாக இருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. பொறாமை தன்னுடைய தனிச் சொத்து என்றல்லவா இருந்தாள். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டதில் ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. ஆனால் அது நிற்கவில்லை. 'சீக்கிரமாய்' என்று சொன்னானே, அந்தச் சொல் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் ஒவ்வொரு சோற்றுக்கு முன்னாலும் சீக்கிரமாய் என்று கேட்டிருக்கிறான். அவளோ வீடு கட்ட வேண்டும், காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், ராஜையனுக்கு ஆபரேஷன் என்று திரும்பத் திரும்ப விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது, வரச் சொல்லிக் கேட்ட பிள்ளை வீட்டில் இல்லை. அவள் அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள். லீலாபாய் பார்த்தும் பார்க்காத மாதிரி தன் பையைத் துழாவி, ஊரிலிருந்து கொண்டு வந்த ரப்பர் செருப்பை எடுத்துக் கீழே போட்டாள்.

"இத இட்டுக்க. காலத்தயிலேருந்து நொண்டுத. நான் ஒண்ணும் குருடி இல்ல."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா சரி. விரல் போனா ஒனக்க விரல்."

நேசம்மாள் வீம்பாகச் செருப்பைக் காலால் ஒதுக்கினாள். பிறகு ஷூவைக் கழற்றினாள். காலுறையில் ரத்தம் ஒட்டியிருந்தது. லீலாபாய், "எனக்கு நல்லா சேந்திருக்கே" என்று சொல்லவில்லை. "அவன் எங்கிட்ட போன்ல கேட்டான், அம்மாவுக்கு என்ன சைஸுன்னு. தெரியாதுலே, எனக்குள்ளதுதான் இருக்கும்னேன்" என்றாள். வேண்டுமென்றே செய்தாளா என்று நேசம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியே வேண்டுமென்றே செய்திருந்தாலும், இன்றைக்கு அதை விட்டுவிடலாம் என்று தோன்றியது. நாளைக்கு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

சாயாவோடு வந்த ரெனிஷ் அம்மாவின் காலைப் பார்த்து, கையிலிருந்த டின்களைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "எதுக்கும்மா சொல்லல?" என்று திட்டினான். உண்மையாகவே திட்டினான். "காலு இந்த லெச்சணத்துல இருக்கு, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு நடந்திருக்கீங்க. பைத்தியமா ஒங்களுக்கு?" பக்கத்து பெஞ்சில் இருந்த ஜப்பான்காரக் கிழவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் ஏறியது. அந்த அடக்கமான புன்னகையைக் காணவில்லை. நேசம்மாள் வாங்கிக் கட்டிக்கொண்டு, நனைந்த கண்ணோடு காலை அவன் பக்கம் நீட்டிக்கொண்டாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

மத்தியானத்துக்கு மேல் மெதுவாக நடந்தார்கள். ரப்பர் செருப்போடு, ஜப்பான் பிரபுவின் அரண்மனை வாசலில் நின்ற முதல் கொட்டாரத்துக்காரி நேசம்மாளாகத்தான் இருக்கும். வாசல் மட்டும்தான் நின்றது. உள்ளே போனால் அரண்மனை இல்லை, கற்கள்தான். பின்னால் மலையடிவாரத்தில் பெரிய பெரிய பாறைகளை நிறுத்தி ஒரு தோட்டம் செய்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதற்காக உண்டாக்கிய தோட்டம் என்றான் ரெனிஷ். வீடு எரிந்துவிட்டது, தோட்டம் மிஞ்சிவிட்டது. ஏறும்போது ஒரு கையில் அம்மாவையும் இன்னொரு கையில் சித்தியையும் பிடித்துக்கொண்டான். தன் பக்கம் இறுக்கமாகப் பிடித்திருக்கிறானா, லீலாபாயின் பக்கமா என்று நேசம்மாள் கவனித்துக்கொண்டேதான் ஏறினாள். பொறாமை என்ன, ஒரு நாள் அழுகையில் கரைகிற சமாசாரமா?

திரும்பக் கார் பக்கம் வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. லீலாபாய் முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். வழக்கம் மாறக் கூடாதே.

"ஜெபி ரெனிஷ்" என்றாள் நேசம்மாள். இந்தத் தடவை அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவன் கண்ணை மூடினான். "அன்பின் பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை ஆசீர்வதியும். இல்லாதவர்களுக்கும் தாரும்." அங்கே வந்ததும் நாக்கு தடுமாறியது. ஒரு மூச்சு நின்றான். அந்த வரியைத் தாண்டிக் குதித்து, "இயேசுவின் நாமத்தில் பிதாவே" என்று முடித்துவிட்டான்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. லீலாபாயின் வாய் திறந்து, திறந்தபடியே நின்றது.

நேசம்மாளுக்கு எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. அவன் வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த ஒரு வரி. இன்றைக்குத்தான் அது இருப்பதே தெரிந்தது, இன்றைக்கே அதை இடித்துவிட்டான்.

"எதுக்குலே அத விட்ட?"

"நீங்க இஞ்சதானேம்மா இருக்கீங்க."

"இப்போ இருக்கேன். அடுத்த வாரம் கடலுக்கு அக்கரைக்குத்தானே போறேன். அது எனக்குள்ள வரி. நீ பாட்டுக்கு வெட்டிப் போட்டா எப்பிடி? மொதல்லேருந்து சொல்லு."

ரெனிஷ் சிரித்தான். மூச்சு முட்டுகிற சிரிப்பு இல்லைதான், ஆனாலும் பல் தெரிந்தது. திரும்பக் கண்ணை மூடினான்.

"நில்லு" என்றாள் நேசம்மாள்.

அவள் கையிலிருந்த முந்திரிக்கொத்தை ஒரு தடவை பார்த்தாள். லீலாபாய் பக்கம் திரும்பவில்லை.

"சித்தியையும் சேரு."

லீலாபாய் சட்டென்று அவளைப் பார்த்தாள்.

"எனக்குப் பொறவு சேரு" என்றாள் நேசம்மாள். "மொதல்ல நான்."

ரெனிஷ் ஜெபித்தான். ஸ்தோத்திரம் சொன்னான், ஆசீர்வாதம் கேட்டான், இல்லாதவர்களுக்குக் கேட்டான். கடலுக்கு அக்கரையில் இருக்கிற எங்க அம்மாவையும் சித்தியையும் என்றான். இந்த ஆமெனையாவது லீலாபாய்க்கு முந்திச் சொல்லிவிட வேண்டும் என்று நேசம்மாள் வாயைக் கூட்டித் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அப்படியும் லீலாபாய்தான் முந்தினாள். அவளுக்கு அத்தனை வருஷப் பழக்கம்.